அளக்கும் அறிவும் அளப்போன் உள்ளமும்

பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர் முதலாண்டிற் பயிலும் பாடநெறிகளுள், ஒன்றுக்கொன்று மிகச் சேய்மையில் நிற்பன எனப் பொதுவாகக் கருதப்படுவன பௌதிகமும் உளவியலுமாம். பௌதிகம் பொருள்களின் இயக்கத்தையும், வெப்பம், ஒளி, ஒலி, மின் என்பவற்றின் இயல்பையும் அளந்து கணித நெறியால் விதி கூறுவது. உளவியல் புலனறிவு, கற்றல், நினைவு, உணர்ச்சி, ஆளுமை என்பவற்றை ஆராய்ந்து மனிதனின் உள்ளத்தையும் நடத்தையையும் விளக்குவது. முன்னையது எறியப்பட்ட கல்லைப் பற்றியது, பின்னையது கல்லை எறிந்தவனைப் பற்றியது என வேடிக்கையாகக் கூறுவாரும் உளர். பௌதிகம் பயில்வோர் உளவியலை எளிய கதையென எண்ணுவதும், உளவியல் பயில்வோர் பௌதிகத்தைத் தமக்கு எட்டாத கணக்கென அஞ்சுவதும் வழக்கமாயுள்ளன.

இவ்வெண்ணம் வரலாற்றுக்கும் பொருந்தாது. கற்றல் கற்பித்தல் அனுபவத்துக்கும் பொருந்தாது. உளவியல் ஓர் ஆய்கூட நூலாகப் பிறந்தது பௌதிக அறிஞரின் அளவுகோலினாலேயாம். பௌதிகமோ, பல்கலைக்கழக வகுப்பிற் செவ்விதாகக் கற்பிக்கப்படுவதற்கு இன்று உளவியலின் துணையை வேண்டி நிற்கின்றது. இவ்விரண்டனையும் இம்மலரைப் படிக்கும் மாணாக்கருக்கும், தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பழைய மாணவருக்கும் எடுத்துக்காட்டுதலே நமது நோக்கமாகும். தமிழாசிரியராகிய நமக்குப் பௌதிகத்தில் என்ன உரிமை உண்டெனச் சிலர் வினவக்கூடும். ஆசிரிய கலாசாலையில் நாம் உளவியலை ஒரு பாடமாகக் கற்றோம். மாணாக்கர் எவ்வாறு கற்கின்றனர் என்னும் வினா எப்பாடத்தைக் கற்பிப்போர்க்கும் பொதுவாதலின், அவ்வழியே இப்பொருளுள் நுழைகின்றோம்.

கிறீனிச்சில் நேர்ந்த வேறுபாடு

வரலாறு இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வு நிலையத்தில் தொடங்குகின்றது. அக்காலத்தில் ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் கண்ணாலும் காதாலும் அளந்தனர். தொலைநோக்கியினுள் நுண்ணிய கம்பிகள் இழுக்கப்பட்டிருக்கும். நோக்குவோர் கடிகாரத்தின் அடிகளைக் காதாற் கேட்டுக்கொண்டே, விண்மீன் கம்பியைக் கடக்கும் கணத்தைச் செக்கனின் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிடுவர். அந்நிலையத்தின் தலைவரான நெவில் மஸ்கலீன், தம் உதவியாளர் டேவிட் கின்னபுறூக் குறித்த நேரங்கள் தாம் குறித்தவற்றினும் 0.8 செக்கன் பிந்தியிருத்தலைக் கண்டு, 1796இல் அவரை வேலையினின்றும் நீக்கினார். 0.8 செக்கன் சிறிதன்றோ எனலாம். பூமி சுழலும் வேகத்தில், பூமத்திய கோட்டில் அது ஏறத்தாழ 370 மீற்றர் தூரத்துக்கு ஒப்பாகும். கப்பலோட்டிகளின் கணிப்புக்கு அடிப்படையான நிலையத்தில் அதனைப் பிழையெனக் கொண்டமை வியப்பன்று.

பிற்காலத்திற் கோனிக்ஸ்பேர்க் நகரின் வானியல் அறிஞரான பெசல் இச்செய்தியைப் படித்தார். உதவியாளர் அசட்டையாக இருந்தார் என்று அவர் முடிவுகட்டவில்லை. தேர்ச்சி பெற்ற அறிஞரிடையேயும் இத்தகைய வேறுபாடு உளதோ என ஆராயத் தொடங்கினார். 1820இல் தம்மையும் மற்றோர் அறிஞரையும் ஒப்பிட்டு நோக்கியபோது, இருவருக்குமிடையே ஒரு செக்கனுக்கும் மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது. ஆகவே, பிழை ஒருவரின் குற்றமன்று. காண்போர் ஒவ்வொருவருக்கும் இயல்பாய் அமைந்த ஒரு வேறுபாடு உண்டென்பது புலனாயிற்று. விண்மீனை அளப்பதற்கு அளப்போனையும் அளத்தல் வேண்டும் என்னும் உண்மை இங்ஙனம் பௌதிக நூலோரிடையே எழுந்தது.

லைப்சிக்கில் எழுந்த புதுநூல்

நரம்பினூடு செய்தி செல்லும் வேகம் அளத்தற்கரியது என்று அறிஞர் பலர் எண்ணியிருந்த காலத்தில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் தவளையின் நரம்பைக் கொண்டு 1850இல் அதனை அளந்து காட்டினார். அது செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றராக இருந்தது. ஒலியின் வேகத்திற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளத்தின் செயலுக்குக் காலம் செல்லும் என்பதும், அக்காலத்தை அளக்கலாம் என்பதும் இதனால் உறுதியாயின. இவ்வறிஞரே 1871இற் பேர்லின் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியரானார்.

லைப்சிக் பல்கலைக்கழகத்திலோ, 1834இற் பௌதிகப் பேராசிரியர் பதவியேற்ற பெக்னர், நிறக்கண்ணாடியூடு ஞாயிற்றை நோக்கிக் கண்ணிலே தோன்றும் பின்விம்பங்களை ஆராய்ந்தமையாற் பார்வை கெட்டுப் பதவியைத் துறந்தார். சில ஆண்டுகள் இருளறையில் வாழ்ந்தார். நலம்பெற்ற பின்னர், வெளியுலகத் தூண்டலுக்கும் உள்ளத்தில் எழும் உணர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தாற் கூறலாமா என்னும் வினாவில் ஈடுபட்டார். அதே நகரில் வெபர் என்பார் முன்னரே ஓர் உண்மையைக் கண்டிருந்தார். கையில் ஏந்திய நிறையில் ஏற்படும் மாற்றத்தை நாம் உணர்வதற்கு, முதல் நிறையின் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கேனும் மாறுதல் வேண்டும். 400 கிராமுடன் 10 கிராம் கூடினால் உணர்வோம். 4 கிலோகிராமுடன் அதே 10 கிராமைக் கூட்டினால் உணரோம். அங்கே 100 கிராம் வேண்டும். இதிலிருந்து, தூண்டல் பெருக்கல் முறையில் வளர உணர்வு கூட்டல் முறையில் வளரும், அஃதாவது உணர்வு தூண்டலின் மடக்கையைப் பொறுத்தது எனப் பெக்னர் வகுத்தார். அவருடைய உளப்பௌதிக நூல் 1860இல் வெளிவந்தது. நூலின் பெயரே இரு துறைகளின் உறவைக் காட்டுகின்றது.

ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் ஹைடல்பேர்க் நகரில் உதவியாளராகப் பணிபுரிந்த வூண்ட், 1879இல் அதே லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்கூடத்தை நிறுவினார். உளவியல் தனித்துறையான ஆண்டாக அவ்வாண்டே பெரும்பாலும் போற்றப்படுகின்றது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜேம்ஸ் 1875இல் உளவியற் பாடநெறியைக் கற்பிக்கத் தொடங்கி, 1890இல் அத்துறையின் தத்துவங்களை இரு பெருந்தொகுதிகளாக எழுதி வெளியிட்டார்.

இரு பாடநெறிகளும் இன்று

தாயும் சேயும் போலத் தோன்றிய இருநூல்களும் பின்னர் வெவ்வேறு பீடங்களிற் சென்றமர்ந்தன. பௌதிகத்தின் அறிமுகப் பாடநெறி இயக்கவியலிற் தொடங்கி, வெப்பம், அலைகள், மின்னும் காந்தமும் எனச் செல்வது. நுண்கணிதமும் ஆய்கூடப் பயிற்சியும் அதன் இரு கைகள். உளவியலின் அறிமுகப் பாடநெறி மூளையும் நரம்பும், புலனுணர்வு, கற்றல், நினைவு, குழந்தை வளர்ச்சி, ஆளுமை, சமூக நடத்தை, உளநோய் எனச் செல்வது. புள்ளிவிபரவியலும் பரிசோதனை முறையும் அதற்கு அடிப்படை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரே மாணாக்கர் இரண்டனையும் பயிலுதல் அரிதன்று. அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் அனுமதித் தேர்வில் முன்பே பௌதிகம் இருந்தது. 2015 முதல் உளவியலும் சேர்க்கப்பட்டது. நோயாளியின் குருதி அமுக்கத்தை அளக்க அறிந்தவர், அந்நோயாளியின் அச்சத்தையும் அறிதல் வேண்டும் என்பது கருத்துப்போலும். நம் நாட்டிலோ உயர்தர வகுப்பிலேயே விஞ்ஞானம், கலை எனப் பாதை பிரிந்துவிடுதலின், ஒரு துறையார் மறுதுறையின் வாயிலையும் மிதியாது பட்டம் பெறுதல் இயல்பாகின்றது.

சூத்திரம் அறிந்தும் பொருள் அறியாமை

இனிப் பௌதிக வகுப்பினுட் செல்வாம். ஒரு பந்து செக்கனுக்கு 19.6 மீற்றர் வேகத்திற் செங்குத்தாக மேலே எறியப்படுகின்றது. புவியீர்ப்பினாலாய ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றராயின், பந்து உச்சியை அடைய எவ்வளவு நேரம் செல்லும்? 19.6ஐ 9.8ஆல் வகுத்து, இரண்டு செக்கன் என மாணாக்கர் உடனே விடை கூறுவர். அவரிடமே, பந்து மேலே சென்றுகொண்டிருக்கும்போது அதன்மீது தாக்கும் விசைகள் யாவை என வினவுக. கை கொடுத்த விசை மேல்நோக்கியும், பந்தின் நிறை கீழ்நோக்கியும் தாக்குகின்றன. கையின் விசை சிறிது சிறிதாகக் குறைந்து உச்சியிலே இரண்டும் சமமாகின்றன என்பர் பலர். இது முற்றிலும் தவறு. பந்து கையைவிட்டு நீங்கியபின், காற்றின் தடையை ஒதுக்கினால், அதன்மீது தாக்குவது கீழ்நோக்கிய நிறை ஒன்றே. உச்சியில் வேகம் பூச்சியமாகும், ஆர்முடுகல் பூச்சியமாகாது.

சரியான விடை தந்த மாணாக்கர் தவறான கருத்தை எங்ஙனம் உடையராயினர்? இவ்வினா பௌதிகத்தின் வினாவன்று, உளவியலின் வினா. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் மக்கிளொஸ்கி என்னும் உளவியலாளரும் உடனாய்வாளரும் 1980இல் ஓராய்வை வெளியிட்டனர். கிடையாக வைக்கப்பட்ட வளைந்த குழாயினுள் விரைந்து செல்லும் குண்டு, குழாயைவிட்டு வெளியேறியபின் எவ்வழியிற் செல்லும் என வரையுமாறு மாணாக்கரைக் கேட்டனர். நேர்கோட்டிற் செல்லும் என்பதே நியூற்றனின் விதி. ஆயின், குழாயின் வளைவைக் குண்டு தன்னுடன் கொண்டு செல்வதுபோல வளைகோட்டை வரைந்தோர் பலர். எறிந்த பொருளினுள்ளே ஓர் உந்துதல் தங்கி நின்று படிப்படியாகத் தேயும் என்னும் இக்கருத்து, 14ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரிற் பூரிடான் முதலிய அறிஞர் கொண்டிருந்த கொள்கையை ஒத்திருத்தலை மக்கிளொஸ்கி எடுத்துக்காட்டினார். எனவே மாணாக்கரின் உள்ளம் வெற்றுப் பலகையன்று. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுதலை அவர் பிள்ளைப்பருவந்தொட்டுக் கண்டுள்ளார். உராய்வு என்பதோர் விசை அங்கே மறைந்து நிற்பதை அவர் கண் காணவில்லை. கண்டதைக் கொண்டு அவர் தமக்கென ஓர் இயக்கவியலை முன்னரே அமைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகின்றார். ஆசிரியரின் இயக்கவியல் அதன்மேற் பூசப்படும் சுண்ணாம்பு போலாகிப் பரீட்சை முடிந்ததும் உதிர்ந்துவிடுகின்றது.

உடன்பயில்வோர் உரையாடல்

இக்குறை எவ்வளவு பரந்ததென்பதை அளக்க முற்பட்டோர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஹல்லூனும் ஹெஸ்டனிஸும் ஆவர். 1985இல் அவர் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து, விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் 29 வினாக்கள் கொண்ட தேர்வொன்று 1992இல் வெளிவந்தது. அதிலே கணக்கு இல்லை, சூத்திரமும் இல்லை. பாரமான லொறியும் சிறிய காரும் மோதும்போது எது மற்றையதன்மீது கூடிய விசையைச் செலுத்தும் என்பது போன்ற வினாக்களே உள்ளன. இரண்டும் சமமான விசையையே செலுத்தும் என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. அவ்விதியை ஒப்புவிக்க அறிந்தோரிற் பலர் லொறியே கூடிய விசையைச் செலுத்தும் என்கின்றனர்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர், இவ்வாய்வைப் படித்துத் தம் மாணாக்கரையும் அவ்வாறே சோதித்தார். நீர் கற்பித்தபடி விடை எழுதுவதா, நாம் வழக்கமாக எண்ணுகின்றபடி எழுதுவதா என ஒரு மாணாக்கர் வினவியதை அவர் பின்னர் எழுதியுள்ளார். கல்வியின் இடரனைத்தும் அவ்வொரு வினாவினுள் அடங்கியுள்ளதெனலாம். 1991 முதல் மசூர் தம் கற்பித்தல் முறையை மாற்றினார். சிறிது நேரம் விரிவுரை; பின்னர் ஒரு வினா; ஒவ்வொருவரும் தனித்தனியே விடை தெரிதல்; அயலில் இருப்போருடன் காரணங்காட்டி உரையாடல்; மீண்டும் விடை தெரிதல்; இறுதியில் ஆசிரியரின் விளக்கம் என்பது அம்முறை.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் காற்பங்கு புலமையே கிட்டும்; உடன்பயில்வோருடன் பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும்; பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்னும் கருத்துப்பட நன்னூலின் பொதுப்பாயிரத்திற் பவணந்தி முனிவர் வகுத்துள்ளார். முனிவர் வகுத்தது அனுபவத்தின் வழி வந்தது. இக்காலத்தார் செய்தது அதனை எண்ணிக்கையாற் சோதித்தலாம்.

அச்சோதனையைக் காண்பாம். பாடநெறியின் முன் 40 புள்ளி பெற்ற வகுப்பு பின்னர் 60 பெற்றதாயின், கூடியிருக்கத்தக்க புள்ளி 60, கூடியது 20, ஆகவே பேறு 0.33 ஆகும். இவ்வாறு ரிச்சட் ஹேக் என்பார் 62 பாடநெறிகளில் 6,542 மாணாக்கரின் பெறுபேறுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார். விரிவுரையை மட்டும் கேட்ட 14 பாடநெறிகளின் சராசரிப் பேறு 0.23, மாணாக்கர் உரையாடியும் செய்தும் கற்ற 48 பாடநெறிகளின் சராசரிப் பேறு 0.48. புதுமுறையை மேற்கொண்ட ஆசிரியர் இயல்பாகவே ஊக்கம் மிக்கோராயிருக்கலாம் அன்றோ என ஐயுறுதல் தகும். அவ்வையத்தை நீக்க வேண்டுமாயின் மாணாக்கரைக் குலுக்கல் முறையிற் பிரித்து ஒப்பிடல் வேண்டும். ஹாவார்ட் பௌதிக வகுப்புகளில் அத்தகைய ஆய்வொன்று நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்தது. முயன்று கற்ற குழுவினரே கூடுதலாகக் கற்றனர். ஆயின், தெளிவான விரிவுரையைக் கேட்ட குழுவினரே தாம் கூடுதலாகக் கற்றதாக எண்ணினர். இனிதாய்க் கேட்டதைக் கற்றதாகக் கொள்ளும் மயக்கம் மனித உள்ளத்துக்கு இயல்பென்பது இதனாற் பெறப்படும்.

மறதியும் மீட்டலும்

பெக்னரின் நூலைக் கற்று ஊக்கம் பெற்ற எபிங்ஹவுஸ் என்னும் செர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து, மறந்தபின் மீண்டும் மனனஞ்செய்யும்போது எவ்வளவு காலம் மிஞ்சுகின்றது என அளந்து 1885இல் நூல் வெளியிட்டார். 20 நிமிடத்தின்பின் மிச்சம் 58 சதவீதம். ஒருநாளின்பின் ஏறத்தாழ 34 சதவீதம். 31 நாளின்பின் 21 சதவீதம். மறதி முதலில் விரைந்து வீழ்ந்து, பின்னர் மெல்ல நடக்கின்றது என்க.

மறதிக்கு மருந்து யாது? மீண்டும் மீண்டும் வாசித்தல் என்பர் மாணாக்கர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் இதனைச் சோதித்தனர். ஒரு குழுவினர் உரைப்பகுதியை மறுமுறையும் வாசித்தனர். மற்றக் குழுவினர் ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினர். 5 நிமிடத்தின்பின் வாசித்தோர் 81 சதவீதமும், எழுதினோர் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்தின்பின்னரோ வாசித்தோர் 42 சதவீதம். எழுதினோர் 56 சதவீதம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு மட்டும் ஏட்டைப் புரட்டும் மாணாக்கர், அடுத்தநாள் சித்தியெய்தினும் அடுத்த ஆண்டுப் பாடத்துக்கு அடித்தளமின்றி நிற்பது இதனாலேயாம்.

உளவியலுக்குப் பௌதிகம் தரும் பாடம்

உளவியல் பௌதிகத்துக்குக் கொடுப்பது மட்டுமன்று, பெறுவதும் உண்டு. எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வாகன விபத்துப் படத்தைக் கண்ட மாணாக்கரிடம் வாகனங்களின் வேகம் யாதென வினவப்பட்டது. 'நொறுங்க மோதிய' என்னும் பொருள்படும் சொல்லால் வினவியபோது சராசரி விடை மணிக்கு 40 மைலுக்கும் மேல், 'இடித்த' என்னும் பொருள்படும் சொல்லால் வினவியபோது 34 மைல். படம் ஒன்றே, வேகமும் ஒன்றே, மாறியது ஒரு வினைச்சொல். சொல்லின் வன்மையை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. சாட்சியின் நினைவைப் புகைப்படமாகக் கருதும் நீதிமன்றம் யாதாகும் என எண்ணிப் பார்க்க.

ஆயினும், ஓராய்வின் முடிவை ஒருமுறை கண்டு நம்புதல் தகாது. பௌதிகத்தில் ஓர் அளவு பலராற் பல இடங்களில் மீண்டும் அளக்கப்பட்ட பின்னரே நிலைபெறும். உளவியலார் இவ்வொழுக்கத்தைத் தம்மீது செலுத்தி, வெளிவந்த 100 ஆய்வுகளை மீளச் செய்து 2015இற் பயன் வெளியிட்டனர். முதல் ஆய்வுகளில் 97 சதவீதம் உறுதியான விளைவைக் காட்டியிருந்தன. மீளச் செய்தவற்றில் 36 சதவீதமே காட்டின. தம் துறையின் குறையைத் தாமே அளந்து உலகறியச் செய்தமை அத்துறைக்கு இழுக்கன்று, பெருமையாம்.

மாணாக்கர்க்குச் சில

பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணாக்கர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, சூத்திரத்தைக் கையாளுமுன், நிகழ்வைச் சொல்லால் விளக்குக. எந்தப் பொருள் எந்தப் பொருளின்மீது விசை செலுத்துகின்றது எனத் தாய்மொழியில் ஒரு வாக்கியம் எழுத இயலாதாயின் விளங்கவில்லை என்பது திண்ணம். இரண்டாவது, ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதுக. சில நாள் இடைவிட்டு மீளவும் எழுதுக. மூன்றாவது, நண்பர்க்குக் கற்பிக்க. அவர் மறுத்து வினவும்போது சினவாது காரணங் காட்டுக.

பழைய மாணவருட் பொறியியலாளரும் மருத்துவரும் பேராசிரியரும் பலர் உளர். கல்லூரிக்கு அவர் நல்கும் கட்டடமும் கருவியும் போற்றுதற்குரியன. அவற்றோடு, தவணைக்கு ஒருமுறையேனும் உயர்தர வகுப்புக்கு வந்து, கணக்கில்லாத பௌதிக வினா ஒன்றை இட்டு, மாணாக்கரை ஒருவரோடொருவர் வாதிடச் செய்து அருகிருந்து கேட்பாராயின், அவ்வொரு மணிநேரம் பெரும்பயன் தரும். அன்று சில மாணாக்கர் தாம் அறிந்ததாக எண்ணியது அறியாததென உணர்ந்து வீடு செல்வர். மறுநாள் அவர் கொண்டுவரும் வினாக்களை எதிர்கொள்ள ஆசிரியராகிய நாம் ஆயத்தமாயிருப்போமாக.